புத்தகத்தில் ஏறாத என்ஜின்

போர் முடிவதற்கு இரண்டு மூன்று வருடங்களுக்கு முன்பு, கண்டியில் நடந்த விஷயம் இது. அப்போது பிலிமத்தலாவையில், கொழும்பு வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எனக்கு ஒரு சின்னக் கராஜ் இருந்தது. இரண்டு வாகனம் நிறுத்தலாம். மூன்றாவது வந்தால் ஏதாவது ஒன்று வெளியே மழையில் நிற்க வேண்டும். வருமானம் பெரிதாக இல்லை, ஆனால் பேர் இருந்தது. கண்டியைச் சுற்றி யாராவது பழைய வாகனம் வாங்குவதென்றால், முதலில் அந்த பாஸுக்குக் காட்டு என்பார்கள். எங்கள் பக்கம் மெக்கானிக்கை பாஸ் என்றுதான் கூப்பிடுவது. தெல்தெனியவில் இருந்துகூட ஆள் அனுப்பி என்னைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

அந்தப் பேர் என் தலைக்கு ஏறியிருந்தது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். வாகனம் பார்க்கப் போவதென்றால் எனக்குக் கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி. குளித்து, சட்டை மாற்றிக்கொண்டுதான் போவேன். நான் வரும்வரை என்ஜினை ஸ்டார்ட் பண்ணக் கூடாது என்று முதல் நாளே சொல்லி அனுப்புவேன். போனதும் யாரோடும் பேசாமல் பொனட்டின் மேல் கையை வைப்பேன். சூடாக இருந்தால் விற்கிறவன் எதையோ மறைக்கிறான் என்று அர்த்தம், அப்படியே திரும்பிவிடுவேன். கைக்குட்டையில் சுற்றிய ஒரு காந்தம் எப்போதும் பையில் இருக்கும். அடிபட்டு, பட்டி பூசிப் பெயின்ட் அடித்த இடத்தில் அது ஒட்டாது. கியர் பொக்ஸ் எண்ணெயை விரலில் தொட்டு மோந்து பார்ப்பேன். கருகிய வாடை வந்தால் அவ்வளவுதான். கார்பெட்டைத் தூக்கித் துரு பார்ப்பேன். எல்லாம் பார்ப்பேன், புத்தகத்தை மட்டும் ஏனோதானோவென்று புரட்டுவேன். பதிவுப் புத்தகத்தில் இருக்கிற பெயர், நம்பர் எல்லாம் கந்தோரில் உட்கார்ந்து எழுதுகிறவர்களின் வேலை, நமக்கு இரும்புதான் முக்கியம் என்பது என் எண்ணம். இதை ஒரு கொள்கை மாதிரி நாலு பேரிடம் சொல்லிக்கொண்டும் திரிந்தேன்.

அப்படி இருக்கும்போதுதான், நான் மரியாதைக்கு சேர் என்று கூப்பிடுகிற அந்த மனிதர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், அரசாங்கத்தில் எஞ்சினியர். கண்டிக்கு மாற்றலாகி வந்து இருபது வருடத்துக்கு மேல். பிள்ளைகள் இல்லை, அவரும் மனைவியும் மட்டும். அவருடைய பழைய சின்னக் காரை நான்தான் பார்த்து வந்தேன். அன்றைக்கு அவர் காரை விட்டு இறங்கி, வழக்கமாகச் சொல்கிற குறைகள் எதையும் சொல்லாமல், கராஜில் கிடந்த கதிரையில் உட்கார்ந்தார்.

மனைவிக்குப் புற்றுநோய். சிகிச்சை கொழும்பில். மூன்று கிழமைக்கு ஒரு தடவை, வியாழக்கிழமைகளில் கூட்டிக்கொண்டு போக வேண்டும். போகிற வழியெல்லாம் சோதனைச் சாவடி. அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருந்தால் என்ன நடக்கும் என்று அந்தக் காலத்தில் வாழ்ந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒவ்வொரு இடத்திலும் இருவரையும் இறக்கி, பையைத் திறந்து, சீட்டைக் கிளறி, அரை மணி, ஒரு மணி நேரம் என்று வெயிலில் நிறுத்துவார்கள். திரும்பி வரும்போது அந்த அக்கா வாந்தி எடுத்துக்கொண்டு வருவார். அந்த நிலையிலும் இறங்கி நிற்க வேண்டும்.

"பெரிய ஜீப்பை மறிக்கிறாங்களில்லை. நான் பாத்துக்கொண்டுதான் வாறன். கறுப்புக் கண்ணாடி போட்ட ஜீப் வந்தா அப்பிடியே கையைக் காட்டி விடுறாங்கள்," என்றார் சேர்.

உண்மைதான். கார் மாதிரி சொகுசாகவும் ஜீப் மாதிரி உயரமாகவும் இருக்கிற ஜப்பான் வாகனங்கள் அப்போது நாட்டில் பெருகியிருந்தன. தோல் சீட், மரம் பதித்த டேஷ்போட், ஓட்டோ கியர். அதில் போகிறவர்கள் மந்திரிமார், மந்திரிமாரின் ஆட்கள், பெரிய முதலாளிமார். ஆமிக்காரப் பையன்கள் உள்ளே யார் என்று பார்ப்பதற்கு முன்பே தடையை விலக்குவார்கள். நானும் எத்தனையோ தடவை பார்த்துச் சிரித்திருக்கிறேன். ஒரு நோயாளியைக் கட்டிலில் கிடத்திக் கொண்டுபோகிற மாதிரிக் கொண்டுபோக வேண்டும், வழியில் இறக்கக் கூடாது. இதுதான் அவருக்கு வேண்டியிருந்தது. கனடாவில் இருந்த தம்பி காசு அனுப்பியிருந்தார். புதிதாக வாங்கக் கட்டாது, பழையதாக ஒன்று நல்லதாகப் பார்த்துத் தர வேண்டும் என்றார்.

இரண்டு வாகனங்களைப் பார்த்து வேண்டாம் என்றேன். ஒன்றின் கியர் பொக்ஸ் கருகியிருந்தது. மற்றது எங்கேயோ வெள்ளத்தில் மூழ்கி எழும்பியது. மூன்றாவது கலகெதரையில் இருந்தது. மிளகு, கராம்பு வாங்கி விற்கிற ஒரு முஸ்லிம் முதலாளியுடைய ஜீப். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிட்டேன்.

பொனட்டில் கையை வைத்தேன், பச்சைத் தண்ணீராகக் குளிர்ந்திருந்தது. காந்தம் ஓர் இடத்திலும் நழுவவில்லை. கதவுகளின் இடைவெளி நாலு பக்கமும் ஒரே அளவு. ஸ்டார்ட் பண்ணினால் சத்தம் கேட்கவில்லை, டயலில் முள் ஏறியதை வைத்துத்தான் என்ஜின் ஓடுகிறது என்று தெரிந்தது. புகை இல்லை, எண்ணெய்க் கசிவு இல்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்போதுதான் நானா பக்கத்தில் வந்து குனிந்தார்.

"பாஸ், மறச்சு விக்கிற பழக்கம் எனக்கில்ல. என்ஜின் மாத்தினது. போன வருசம் மல ஏறக்குள்ள பைப் வெடிச்சு, சூடாகி, பழசு போயிட்டு. இதே மொடல் என்ஜின் கொழும்புல, பஞ்சிகாவத்தைப் பழைய சாமான் கடைல வாங்கிப் போட்டேன். பில் இருக்கு. புக்குல இன்னும் ஏத்தல்ல. ஒரு கிழம பொறுத்தீங்கண்டா நானே கொழும்புக்குப் போய் நம்பரை ஏத்திட்டுத் தாறேன்."

சேர் என்னைப் பார்த்தார். அவருக்கு வாகனம் தெரியாது, என்னைத்தான் தெரியும். "பிரச்சினை ஏதும் வருமோ?" என்று கேட்டார். அடுத்த வியாழக்கிழமை சிகிச்சை. அதற்கு ஐந்து நாள்தான் இருந்தது.

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் என் முகத்தில் நானே அறைய வேண்டும் போலிருக்கிறது. "ஒண்ணும் வராது சேர். இந்த நாட்டுல பாதி வாகனத்துக்கு என்ஜின் மாத்தினதுதான். ரோட்டுல யாரு பொனட்டைத் தூக்கி நம்பர் பார்க்கிறாங்க? பழைய என்ஜினைவிட இது நல்ல என்ஜின். எடுங்க," என்றேன்.

ஆனால் சேர் உடனே சரி என்று சொல்லவில்லை. மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அவரைப் பின் சீட்டில் படுக்க வைத்து ஒரு சுற்று ஓடச் சொன்னார். கலகெதரை வளைவுகளில் நான் ஓட்டினேன். வீதி அப்போது குண்டும் குழியுமாக இருந்தது. வேண்டுமென்றே குழிகளில் விட்டேன், ஜீப் எப்படித் தாங்குகிறது என்று காட்டத்தான். திரும்பி வந்து நிறுத்தியதும் அந்த அக்கா எழும்பி உட்கார்ந்து தலைத் துணியைச் சரிசெய்துகொண்டார். முடி எல்லாம் கொட்டியிருந்தது. "குலுக்கமே தெரியேல்லை. கண்ணை மூடினா வீட்டிலை படுத்திருக்கிற மாதிரி இருக்கு," என்றார். சேரின் முகத்தில் அன்றைக்கு வந்த சிரிப்பு நிறைய நாட்களுக்குப் பிறகு வந்தது என்று நினைக்கிறேன். அன்றே பேசி முடித்துவிட்டோம்.

மூன்று பயணம் நன்றாகத்தான் போனது. சேர் சொன்னது போலவே ஒருவரும் மறிக்கவில்லை. ஓர் இடத்தில் ஆமிக்காரர் ஒருவர் சல்யூட் கூட அடித்தாராம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அக்கா போகும்போது கேகாலை வரைக்கும் நித்திரை கொண்டாராம். மூன்றாவது தடவை திரும்பி வரும்போது கராஜுக்கு வந்து, எனக்கென்று ஒரு பை அன்னாசிப்பழம் கொடுத்துவிட்டுப் போனார்கள். அந்த அக்கா கண்ணாடியை இறக்கி என் கராஜை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "இவ்வளவு சின்ன இடத்திலை இருந்துகொண்டோ தம்பி எல்லாரையும் வெருட்டுறியள்?" என்று பகிடி விட்டார். நானும் சிரித்தேன். நல்ல வேலை செய்துவிட்டோம் என்று எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது.

நாலாவது தடவைக்கு முந்திய நாள் கொழும்புப் பக்கம் எங்கேயோ ஒரு வாகனத்தில் குண்டு வெடித்தது. மறுநாள் காலையில் ரேடியோவில் கேட்டேன். கேட்டபோது இன்றைக்கு வியாழக்கிழமை என்பது என் மண்டையில் உறைக்கவே இல்லை.

அன்றைக்கு எந்த ஜீப்புக்கும் சலுகை இல்லை. கொழும்புக்குள் நுழைவதற்கு முன்பு எல்லா வாகனத்தையும் ஓரம் கட்டி, பொனட்டைத் திறந்து, என்ஜின் நம்பரையும் சேஸி நம்பரையும் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். திருட்டு வாகனத்தில்தான் குண்டு கொண்டுவருகிறார்கள் என்று சந்தேகம். சேருடைய புத்தகத்தில் இருந்தது கலகெதரை நானாவின் பெயர், பெயர் மாற்றுகிற படிவம் கையெழுத்தோடு, கந்தோருக்குப் போகாமலே டேஷ்போட்டுக்குள் கிடந்தது. ஓட்டி வந்தவர் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். என்ஜின் நம்பர் வேறு. இதற்கு மேல் அவர்களுக்கு என்ன வேண்டும். சேரை ஒரு வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அக்காவைப் பின்னேரம் வரை ஒரு வாங்கில் உட்கார வைத்திருந்து, பிறகு ஒரு பொம்பளைப் பொலிஸ் கண்டி பஸ்ஸில் ஏற்றிவிட்டாராம். அந்த உடம்போடு அவர் தனியாக பஸ்ஸில் வந்தார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை என் கைத்தொலைபேசிக்கு அவரிடமிருந்து அழைப்பு வந்தது. அழவில்லை. நிறுத்தி நிறுத்தி, மூச்சு வாங்கப் பேசினார்.

"தம்பி, என்ஜின் நம்பர் பிழையெண்டு அவரைப் பிடிச்சு வச்சிருக்கினம். வாங்கேக்கை நீங்கள்தானே பாத்தனீங்கள். என்ஜின் முந்தியே மாத்தினதெண்டு ஒருக்கா வந்து சொல்லுவியளோ?"

"கட்டாயம் வர்றேன் அக்கா. நாளைக்கே போறேன்," என்றேன். சொல்லும்போது மனதாரத்தான் சொன்னேன்.

தொலைபேசியை வைத்ததும் அப்பாவின் ஞாபகம் வந்தது. எண்பத்து மூன்று கலவரத்தில் என் அப்பாவைப் பொலிஸ் பார்த்துக்கொண்டு நிற்கத்தான் அடித்தார்கள். அப்போது எனக்குப் பத்து வயது. அதற்குப் பிறகு பொலிஸ் நிலையத்தின் வாசலில் கூட நான் நின்றதில்லை. இப்போது நானே போய், இந்த ஜீப்பின் என்ஜின் நம்பர் வேறு என்று தெரிந்துதான் வாங்கச் சொன்னேன் என்று சொன்னால், அடுத்து யாரை உள்ளே போடுவார்கள்? அந்த நாட்களில் உள்ளே போனவர்களைப் பற்றிய கதைகள் ஒன்றா இரண்டா. என் மனைவி போக வேண்டாம் என்று தடுத்தார் என்று எழுதினால் எனக்கு வசதியாக இருக்கும். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பழி முழுக்க எனக்குத்தான்.

சனிக்கிழமை காலை கலகெதரை நானா வேனைக் கொண்டுவந்து கராஜ் வாசலில் நிறுத்தினார். அக்கா அவரிடமும் பேசியிருக்கிறார். என்ஜின் வாங்கிய பில்லையும் எடுத்து வந்திருந்தார். "ஏறுங்க பாஸ், ரெண்டு பேருமாப் போய்ச் சொல்லிட்டு வருவோம்," என்றார். எனக்குக் காய்ச்சல் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தனியாகப் போனார். மாலையில் திரும்பி வந்தார். வாங்கும்போது வாகனத்தைப் பரிசோதித்த மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு வா, அவன் சொன்னால்தான் எழுதலாம் என்று அனுப்பிவிட்டார்களாம்.

ஞாயிற்றுக்கிழமை கராஜைப் பூட்டிக்கொண்டு மனைவியின் தங்கை வீட்டுக்குப் போய்விட்டேன். நானா வந்து பூட்டைப் பார்த்துவிட்டு, திரும்பவும் கொழும்புக்குத் தனியாகப் போனாராம். திங்கட்கிழமை, ஒரு லொறியை அவசரமாக முடித்துக் கொடுக்க வேண்டும், நாளைக்கு வருகிறேன் என்றேன். கராஜில் அன்றைக்கு லொறியே இருக்கவில்லை. நானா என்னோடு வாக்குவாதம் பண்ணவில்லை. "அந்த மனிசிக்குக் காய்ச்சல் தொடங்கிட்டு பாஸ்," என்று மட்டும் சொன்னார். அவர் அந்த சேரை வாழ்க்கையில் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறார். தன் பெயரில் இருக்கிற வாகனம், தன்னையே பிடித்து உள்ளே போடலாம் என்று அவருக்கும் தெரியும். கடையைச் சாத்திவிட்டு மூன்று நாளும் போய் வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தார்.

செவ்வாய்க்கிழமை போனேன். அந்தக் காய்ச்சல் விஷயம் என்னைத் தூங்கவிடவில்லை. நானாவின் வேனில்தான் போனோம். பொலிஸ் நிலையத்தில் ஒரு நடுத்தர வயது அதிகாரி இருந்தார். எனக்குக் கதிரை கொடுத்தார். எப்போது பார்த்தாய், என்ன பார்த்தாய், நம்பர் வேறு என்று தெரிந்தும் ஏன் வாங்கச் சொன்னாய் என்று சிங்களத்தில் கேட்டார். என்ஜின் நன்றாக இருந்தது என்றேன். அவர் பேனையை வைத்துவிட்டு என்னை ஒரு முறை பார்த்தார், அவ்வளவுதான். எழுதி, வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கினார். யாரும் என்னை அடிக்கவில்லை, அதட்டவில்லை. முக்கால் மணி நேரத்தில் முடிந்த வேலை.

எழும்பும்போது அந்த அதிகாரி சொன்னதுதான் என்னைக் கொன்றது. விடுவிக்கிற ஆட்களின் கடதாசி எல்லாம் மேலிடத்துக்குத் திங்கட்கிழமைகளில் மட்டும்தான் போகுமாம். நேற்று வந்திருந்தால் நேற்றே அனுப்பியிருப்பேன், இனி அடுத்த திங்கட்கிழமைதான் என்றார். அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். நானா என் பக்கம் திரும்பவே இல்லை. வெளியே போய் வேனை ஸ்டார்ட் பண்ணினார்.

அந்தக் கிழமைக்குள் அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சிகிச்சையால் உடம்பில் எதிர்ப்பு சக்தியே இல்லை, காய்ச்சல் நெஞ்சில் இறங்கிவிட்டது. யாழ்ப்பாணத்துக்குப் பாதை பூட்டியிருந்ததால் சொந்தக்காரர் ஒருவரும் வர முடியவில்லை. பக்கத்து வீட்டு சிங்களக் குடும்பம்தான் மாறி மாறி நின்றது. சனிக்கிழமை நான் போய்ப் பார்த்தேன். ஒக்சிஜன் வைத்திருந்தார்கள். என்னை அடையாளம் கண்டுகொண்டு, "எப்ப தம்பி விடுவினம்?" என்று கேட்டார். அடுத்த கிழமை அக்கா என்றேன். "அவர் வரும் வரைக்கும் இருப்பன்," என்றார். பெரிய சபதம் போலச் சொல்லவில்லை. கடைக்குப் போனவர் வரும் வரைக்கும் கதவைத் திறந்து வைத்திருப்பேன் என்கிற மாதிரிச் சொன்னார். நான் வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

அவரால் இருக்க முடியவில்லை. திங்கட்கிழமை காலையில், சேரின் கடதாசி மேலிடத்துக்குப் போன அதே காலையில், போய்விட்டார். புதன்கிழமை சேரை விட்டார்கள்.

நானும் நானாவும்தான் கூட்டிக்கொண்டு வரப் போனோம். சேர் தாடியோடு, சட்டையின் கைப்பட்டன் இல்லாமல், ஆனால் சிரித்துக்கொண்டு வந்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது. உள்ளே சொல்ல வேண்டாம், ஆள் உடைந்துவிடுவார் என்று நானா சொல்லியிருந்தார். நான் வேனை எடுத்ததும் சேர் பேசத் தொடங்கினார். தவறிப்போன சிகிச்சையை எந்த வியாழக்கிழமைக்கு மாற்றலாம், டொக்டரிடம் எப்படிக் கேட்கலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு வந்தார். "அவ சாப்பிடுறாவோ? நான் இல்லாட்டி ஒழுங்காச் சாப்பிட மாட்டா," என்றார். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வீதியைப் பார்த்தேன். வறக்காப்பொலை தாண்டியது, கேகாலை தாண்டியது. வாயைத் திறக்க எனக்குத் துணிவு வரவில்லை.

கடுகண்ணாவை ஏற்றத்துக்கு முன்பு ஒரு தேத்தண்ணிக் கடையில் நிறுத்தச் சொன்னார் நானா. சேரைக் கதிரையில் உட்கார வைத்து, தோளில் கையை வைத்து, அவர்தான் சொன்னார். சேர் எப்போது என்று கேட்டார். முந்தாநாள் காலையில் என்றார் நானா. "முந்தாநாளோ," என்றார் சேர். பிறகு இன்னொரு முறை, "முந்தாநாள்," என்றார். ஊற்றி வைத்த தேத்தண்ணியை ஒருவரும் தொடவில்லை. முதல் திங்கட்கிழமைக்கு முன்பு நான் போயிருந்தால், போன புதன்கிழமையே அவரை விட்டிருப்பார்கள். ஐந்து நாள் அவர் பக்கத்தில் இருந்திருப்பார். இதை அந்த மேசையில் மூன்று பேரில் இரண்டு பேருக்குத் தெரியும்.

ஜீப்பை அவர்கள் விடுவிக்க ஒன்றரை வருடம் ஆனது. சேர் கனடாவுக்குத் தம்பியிடம் போக ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். அதை எடுத்து வந்து விற்றுத் தரச் சொன்னார். நானும் நானாவும் போய் எடுத்து வந்தோம். வெயிலும் மழையும் பட்டுப் பெயின்ட் வெளுத்து, சீட்டெல்லாம் பூஞ்சணம் பிடித்து, டயர் நாலும் வெடித்துக் கிடந்தது. புது பற்றரி மாட்டினேன். முதல் திருப்பிலேயே என்ஜின் ஸ்டார்ட் ஆனது, சத்தமே இல்லாமல். ஒரு என்ஜினை நான் வெறுத்தது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

சேர் கராஜுக்கு வந்தார். "நீங்களே பாத்து ஒரு விலை சொல்லுங்கோ," என்றார். நான் வழக்கம் போலச் சுற்றி வந்து பார்த்தேன். அவர் என் பின்னால் வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"உங்களுக்கு நான் ஒழுங்கா நன்றி சொல்லேல்லை. நீங்கள் உடனை ஓடி வந்து சொன்னபடியாத்தான் என்னை விட்டவங்கள். இல்லாட்டி அவவின்ரை செத்தவீட்டுக்கும் நான் வந்திருக்க மாட்டன்."

நான் உடனே ஓடி வந்தேன் என்று அவருக்கு யார் சொன்னார்கள்? யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். என்னைப் போன்ற ஒருவன் வேறு எப்படிச் செய்வான் என்று அவரே நினைத்திருப்பார். நானா ஜீப்பின் அந்தப் பக்கம் நின்றார். வாயைத் திறந்தால் போதும், ஒரு வரியில் என்னைக் காட்டிக் கொடுத்திருக்கலாம். அவர் குனிந்து டயரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அன்றைக்காவது நான் சொல்லியிருக்க வேண்டும். சேர், நான் நாலு நாள் ஒளிந்திருந்தேன், காய்ச்சல் என்று பொய் சொன்னேன், இல்லாத லொறிக்கு வேலை செய்தேன் என்று சொல்லியிருக்க வேண்டும். "பரவாயில்ல சேர்," என்றேன். நன்றியை வாங்கிக்கொண்டேன்.

பாவம், மனது நொந்திருக்கிற மனிதரிடம் போய் ஏன் சொல்ல வேண்டும், அவருடைய நிம்மதிக்காகத்தான் சொல்லவில்லை என்று பல வருடம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கலகெதரை நானா இறக்கும்வரை என்னிடம் ஒரு நாளும் அதைப் பற்றிப் பேசவில்லை. போன மாதம் கனடாவில் இருந்து செய்தி வந்தது, சேரும் போய்விட்டார் என்று. கேட்டதும் முதலில் அழுகைதான் வந்தது. அதற்குப் பின்னால் மெல்ல ஒரு நிம்மதி வந்தது, இனி யாருக்கும் தெரிய வராது என்று. அந்த நிம்மதியைப் பார்த்ததும்தான் என்னை எனக்கு முழுதாக விளங்கியது. இப்போது இதைத் துணிந்து எழுதுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். கேட்டு என் முகத்தைப் பார்க்க அவர் இல்லை என்பதால் எழுதுகிறேன், அந்த நாலு நாள் என்னைக் கராஜைப் பூட்ட வைத்த அதே பயத்தோடுதான் எழுதுகிறேன்.